ஹோல்டில் வைத்த மாத்திரை

அப்பாவுக்கு இன்னொரு முறை மாரடைப்பு வந்துவிடக் கூடாது. எங்கள் வீட்டில் இப்போதைக்கு நடக்கும் வேலை இது ஒன்றுதான். சமையல், துணி துவைப்பது, நான் வேலைக்குப் போய் வருவது எல்லாம் இதன் ஓரத்தில் தானாக நடந்துகொள்கின்றன.

மாரடைப்பு வந்ததைச் சொல்ல எல்லோரிடமும் ஒரு கதை இருக்கிறது. சொந்தக்காரர்கள் ஆப்பிளும் பிரட்டும் வாங்கிக்கொண்டு வருவார்கள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "எப்படிங்க ஆச்சு?" என்பார்கள். வராமல் பார்த்துக்கொள்வதில் அப்படியொரு கதையே கிடையாது. காலையில் மாத்திரை, கொஞ்சம் நடை, உப்புக் குறைத்த ரசம், ராத்திரி மாத்திரை, மறுபடி காலையில் மாத்திரை. அதைக் கேட்க ஆப்பிளோடு யாரும் வருவதில்லை. அதனால்தான் நான் எழுதுகிறேன். களைப்பாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

அப்பா திருப்பூரில் ஓர் ஏற்றுமதி பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவைப் பார்த்துக்கொள்கிறார். தைத்து வரும் பீஸ்களில் ஓட்டை, கறை, கோணல் தையல், நிற வித்தியாசம் இருக்கிறதா என்று பார்த்துத் தள்ளுகிற இடம். சாயத்தில் ஒரு நூலளவு மாறியிருந்தாலும் அவர் கண்ணுக்குத் தெரிந்துவிடும். அம்மா கல்யாணத்துக்கு முன்னால் அதே தெருவில் இன்னொரு கம்பெனியில் பிசிறு வெட்டியவள். நான் ஆடை வடிவமைப்புப் படித்துவிட்டு வேறொரு கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். சரக்கு வாங்கும் வெளிநாட்டுப் பையருக்கும் நம் ஊர்த் தையல் மெஷினுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, நாளெல்லாம் இரண்டு பக்கமும் மன்னிப்புக் கேட்கிற வேலை. ஆக எங்கள் வீட்டில் மூன்று பேருக்கும் பேச்சு, சண்டை, சிரிப்பு எல்லாமே பனியன்தான்.

முதல் முறை வந்தபோது கம்பெனியில் பையரின் ஆள் ஒருவர் கடைசிப் பரிசோதனைக்கு வந்திருந்தார். காலையிலேயே அப்பாவுக்கு நெஞ்சில் பாறாங்கல் வைத்த மாதிரி இருந்திருக்கிறது. வாய்வு என்று நினைத்து ஒரு சோடா குடித்தார். வேர்த்தது, மின்விசிறிக்கு நேராக நாற்காலியைப் போட்டுக்கொண்டார். அந்த ஆள் பெட்டி பெட்டியாகப் பிரித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடும்வரை அப்பா பக்கத்திலேயே நின்றார். கையெழுத்தான பிறகுதான், "எனக்கு மேலுக்கு சொகமில்லீங்க" என்றாராம். அதற்குள் மதியமாகிவிட்டது. கோயமுத்தூருக்குக் கொண்டுபோனோம். அடைத்திருந்த ரத்தக் குழாயைத் திறந்து ஸ்டென்ட் வைத்தார்கள். நேரமானதால் இதயத் தசையில் ஒரு பகுதி போனது போனதுதான் என்றார்கள்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் டாக்டரம்மா எங்கள் மூவரையும் உட்கார வைத்துப் பேசினார். அவருக்கு என் அம்மா வயதிருக்கும். அவரும் களைத்துத்தான் தெரிந்தார்.

"நாங்க செய்ய வேண்டியத செஞ்சாச்சுங்க. அடைப்பு ஒரு இடத்துல எடுத்திருக்கோம். அடைக்கற குணம் உடம்புல அப்படியேதான் இருக்குது. இனி இன்னொண்ணு வராம இருக்கறதுதான் வைத்தியம். அது உங்க ஊட்டுலதான் நடக்கோணும்."

"நடக்குமுங்க," என்றார் அப்பா, ஷிப்மென்ட் தேதிக்குத் தலையாட்டுகிற மாதிரி.

"ரத்தம் உறையாம இருக்க ரெண்டு மாத்திரை எழுதியிருக்கேன். இந்த ரெண்டையும் நான் சொல்லாம ஒரு நாள் கூட நிறுத்தக் கூடாது. ஸ்டென்டுக்குள்ள ரத்தம் கட்டிக்கும். சிகரெட்டு முழுசா உடணும். குறைக்கறேன்னு எங்கிட்டச் சொல்லாதீங்க."

"உட்டாச்சுங்க."

"எப்பங்க?"

"இப்பத்தானுங்க."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. அம்மா என் தொடையில் கிள்ளினாள், நான் சிரித்துவிடக் கூடாது என்று.

அன்றைக்கு நான்தான் எல்லோரையும்விட உற்சாகமாக இருந்தேன். எனக்கு எதையாவது கையில் கொடுத்தால் போதும், அன்று மாலைக்குள் அதற்கு ஒரு செயலி, ஒரு அட்டவணை, நாலு வண்ணம். ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி வாங்கினேன். நடையை எண்ணும் கைக்கடிகாரம் வாங்கி அப்பா கையில் கட்டினேன். எண்ணெயைக் கரண்டியால் அளந்தேன். அரசாணிக்காயில் என்ன இருக்கிறது, கம்பில் என்ன இருக்கிறது என்று சாப்பாட்டு நேரத்தில் படித்துக் காட்டினேன். ஊறுகாய் ஜாடியைப் பக்கத்து வீட்டுக்குத் தாட்டிவிட்டேன். ஊத்துக்குளியில் இருக்கும் பெரியம்மா கொண்டுவந்த வெண்ணெயையும் பின்னாலேயே அனுப்பினேன். பெரியம்மா அன்றைக்குப் போனவர் அப்புறம் ரொம்ப நாள் வரவில்லை.

"பையர் கம்பெனிக்கு ஆடிட்டுக்கு வந்தாக்கூட சாயங்காலம் போயிருவாங்க," என்றாள் அம்மா. "இவ ஊட்டுலயே தங்கிட்டா."

அப்பா என்னை எதிர்த்துப் பேசவில்லை. அவர் எதிர்த்துப் பேசுகிற ஆளே இல்லை. ஆனால் கடிகாரத்தில் நடைக்கணக்கு அமோகமாக ஏறிக்கொண்டே போனது. எனக்கு ஒரே பெருமை. ஒரு ஞாயிற்றுக்கிழமை எட்டிப் பார்த்தால் மனிதர் கட்டிலில் சாய்ந்துகொண்டு டிவி பார்க்கிறார், இடது கை மட்டும் விசிறி வீசுகிற மாதிரி ஆடிக்கொண்டிருக்கிறது.

"என்னங்கப்பா இது?"

"நடக்கறனுல்ல, அம்மிணி."

"படுத்துக்கிட்டா?"

"அது கையைத்தானே எண்ணுது. காலுக்கு நீ வாங்கித் தரலயே."

நான் கோபித்துக்கொண்டு உள்ளே போனேன். பிறகு சிரிப்பு வந்தது. அதற்கும் பிறகு, கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்சம் அழுதேன். இந்த மூன்றும் அடுத்தடுத்து வருவது இந்த நோயோடு வருகிற பக்க விளைவு. எந்த மருந்துச் சீட்டிலும் போட்டிருக்காது.

சிகரெட்டை மட்டும் அவர் உண்மையிலேயே விட்டார். டாக்டரம்மா அறையில் விட்டதுதான், அப்புறம் தொடவில்லை. அதற்கு என்ன விலை கொடுத்தார் என்று எனக்கு மெதுவாகத்தான் புரிந்தது. கம்பெனிக்கு எதிர்த்தாற்போல் இருக்கும் டீக்கடையில்தான் அவருக்கு இருந்த சிநேகிதம் முழுவதும். பதினோரு மணி டீக்குக் கட்டிங் மாஸ்டரும் பேக்கிங்காரரும் அங்கே நின்று ஊதிக்கொண்டு ஊர்க்கதை பேசுவார்கள். இப்போது அவர் உள்ளேயே உட்கார்ந்து தூக்குவாளி டீயைக் குடிக்கிறார். வாசனை வந்தால் கை தேடுகிறது என்பார். அவர்கள் வாசலில் நின்று கூப்பிடுவதும் நின்றுபோனது.

வீட்டிலும் அப்படித்தான். அவர் மதியம் கண்ணயர்ந்தால், அந்தப் பக்கமாகப் போகிற யாரும் ஒரு நொடி நிற்காமல் போவதில்லை. பனியன் ஏறி இறங்குகிறதா என்று பார்ப்போம். ஏறி இறங்கும். போவோம். ஒருமுறை கண்ணை மூடியபடியே அவர் சொன்னார், "இருக்கறன் சாமி, போய் வேலையப் பாரு."

நான் எழுப்பி, நினைவூட்டி, திட்டி, கணக்குப் பார்த்து எல்லோரும் ஓய்ந்துபோயிருந்த நேரத்தில்தான் அப்பா அந்த அட்டையைச் செய்தார்.

பனியன் கம்பெனியில் ஒவ்வோர் ஆர்டருக்கும் ட்ரிம் கார்டு என்று ஓர் அட்டை இருக்கும். அந்த ஆர்டருக்கு என்ன நூல், என்ன பட்டன், என்ன லேபிள் என்று எல்லாவற்றிலும் ஒவ்வொன்றை அட்டையில் ஒட்டி வைத்திருப்பார்கள். கீழே பையர் தரப்பின் கையெழுத்து இருக்கும். அட்டையில் ஒட்டியிருப்பது எதுவோ அதுதான் சட்டம். அதிலிருந்து மாறியிருந்தால் பட்டன் எவ்வளவு அழகாக இருந்தாலும் மெஷினில் ஏறாது. அப்பா தன் மாத்திரைகளுக்கு அப்படி ஓர் அட்டை செய்துவிட்டார். ஒவ்வொரு மாத்திரையிலும் ஒன்றை எடுத்துப் பட்டன் போடும் குட்டிப் பாலிதீன் பையில் வைத்து ஸ்டேப்ளர் அடித்து, பக்கத்தில் 'காலை', 'ராத்திரி', 'சாப்பிட்ட பிறகு' என்று எழுதி, ஃபிரிட்ஜ் மேல் மாட்டினார். காலையில் கையில் கொட்டிய மாத்திரைகளை அட்டைக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பிடித்து, ஜன்னல் வெளிச்சத்தில் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் வாயில் போடுவார்.

எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. நான் இத்தனை நாள் செயலியில் செய்ய முடியாததை மனிதர் ஓர் அட்டையில் செய்துவிட்டார்! படம் எடுத்து ஆபீஸ் குழுவில் போட்டேன். ஆளாளுக்கு இதயத்தை அனுப்பினார்கள். அடுத்த முறை டாக்டரம்மாவைப் பார்க்கப் போனபோது அப்பா அதையும் மஞ்சப்பையில் வைத்துக்கொண்டு வந்தார்.

டாக்டரம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முதல்முறையாகச் சிரித்தார்.

"இவ்வளவு ஒழுங்கா யாருமே கொண்டாந்ததில்லீங்க."

"எல்லாஞ் சரியா இருக்குதுங்களா?"

"சரியா இருக்குதுங்க."

"அப்ப ஒரு கையெழுத்துப் போட்டுருங்க," என்று அப்பா பேனாவை நீட்டினார்.

அவரும் விளையாட்டாக அட்டையின் மூலையில் போட்டுக் கொடுத்தார். டாக்டரம்மாவும் அம்மாவும் நானும் சிரித்தோம். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. மை காய்வதற்காக அட்டையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு நான் கேட்பதை நிறுத்திவிட்டேன். கேட்க வேண்டியிருக்கவில்லை. அம்மா கோயிலுக்கெல்லாம் போக ஆரம்பித்தாள். பெரியம்மா கூட மறுபடி வந்தார், வெண்ணெய் இல்லாமல். நன்றாகவே போய்க்கொண்டிருந்தது.

இனி சொல்லப்போவதை நான் பிறகுதான் அப்பாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஆனால் நடந்த வரிசையிலேயே சொல்லிவிடுகிறேன்.

வழக்கமாக வாங்குகிற மருந்துக் கடையில், ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த இரண்டு மாத்திரைகளில் ஒன்று ஒருமுறை தீர்ந்துபோயிருந்தது. அதுவரை வாங்கியது இளஞ்சிவப்பு, வட்டமானது. கடைக்காரர் வேறொரு மாத்திரைப் பட்டையை எடுத்து வைத்தார். அது மஞ்சள், கொஞ்சம் நீளம். கடைக்காரருக்குத் திருநெல்வேலிப் பக்கம். ரொம்ப வருஷமாக இங்கே கடை வைத்திருக்கிறார்.

"இது வேறயாட்ட இருக்குதுங்களே," என்று அப்பா கேட்டிருக்கிறார்.

"கம்பெனி மட்டுந்தான் வேற அண்ணாச்சி. உள்ள மருந்து ஒண்ணுதான். தைரியமாப் போடுங்க."

அவர் சொன்னது நிஜம். மருந்து ஒன்றுதான், வேறு கம்பெனி, வேறு நிறம், அவ்வளவுதான். ஆனால் இந்தப் பேச்சை அப்பா வாழ்நாள் முழுக்கக் கேட்டிருக்கிறார். நூல்காரர் சொல்வார், கோன்தான் வேற, நூல் ஒண்ணுதானுங்க என்று. பட்டன்காரர் சொல்வார், லாட்டுத்தான் வேற என்று. நம்பித் தைத்துவிட்டால், முதல் சலவையில் சிவப்புச் சாயம் வெள்ளையில் இறங்கி நிற்கும். சப்ளையர் 'ஒண்ணுதான்' என்று சொன்னால் அன்றைக்கு இன்னும் கவனமாக இருக்க வேண்டும் என்பது அவர் கற்றுக்கொண்ட தொழில். அவர் கடைக்காரரோடு வாதாடவில்லை. சரிங்க என்று வாங்கிக்கொண்டு வந்தார். அட்டைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நிறம் சேரவில்லை, வடிவம் சேரவில்லை. ஒரு காகித உறையில் போட்டு, மேலே 'ஹோல்டு' என்று பெரிதாக எழுதி, ஃபிரிட்ஜ் மேலேயே வைத்துவிட்டார்.

ஹோல்டு என்றால் தூக்கிப் போடுவது அல்ல. சந்தேகம் வந்த சரக்கை ஓரமாக நிறுத்தி வைப்பது. கையெழுத்துப் போட்டவர் பார்த்துச் சொல்லும்வரை யாரும் தொடக் கூடாது. அடுத்து டாக்டரம்மாவைப் பார்க்கும்போது காட்டி அப்ரூவல் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தார். அதற்குச் சில வாரங்கள் இருந்தன. மற்ற மாத்திரைகளை ஒன்று விடாமல் போட்டார். யாராவது கேட்டிருந்தால், தவறாமல் போடுகிறேன் என்று மனசாரச் சொல்லியிருப்பார்.

யாரும் கேட்கவில்லை. அந்த உறை எங்கள் கண் முன்னால்தான் இருந்தது. எங்கள் வீட்டில் 'ஹோல்டு' என்று எழுதிய உறை எங்கே வேண்டுமானாலும் கிடக்கும். கம்பெனி பட்டனாக இருக்கும் என்று அம்மா அதன்மேல் கறிவேப்பிலைக் கட்டை வைத்துக்கொண்டிருந்தாள்.

ஒரு நாள் முற்பகலில், மெயில் எழுதிக்கொண்டிருந்தபோது அப்பாவின் கம்பெனியிலிருந்து எனக்குப் போன் வந்தது. அப்பாதான் பேசினார்.

"கண்ணு, பதறாதே. நெஞ்சு பிடிக்குது. 108க்குச் சொல்லியாச்சு. நீ அம்மாவக் கூட்டிட்டு நேரா கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்கு வந்துரு."

இந்த முறை அவர் சோடா குடிக்கவில்லை. மேஜையில் பீஸ் குவிந்திருந்தது, சாயங்காலம் லாரி வர வேண்டும். அப்படியே விட்டுவிட்டு, வலி வந்த உடனே பக்கத்து மேஜைப் பெண்ணிடம், "எனக்கு மறுபடி வருதுங்க, வண்டி கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். கட்டிங் மாஸ்டர் ஓடிவந்து கூடவே வண்டியில் ஏறினாராம்.

அம்மா மாத்திரை, அட்டை, உறை எல்லாவற்றையும் அப்படியே ஒரு பையில் அள்ளிக்கொண்டு வந்தாள், கறிவேப்பிலையோடு. கோயமுத்தூர் போகிற வழியெல்லாம் வாடகைக் காருக்குள் கறிவேப்பிலை வாசம். எல்லாம் சரியாகத்தானே செய்தோம் என்பது மட்டும் எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. எண்ணெய், உப்பு, நடை, சிகரெட், மாத்திரை. எங்கே விட்டோம்? ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன், எல்லாம் சரியாக இருந்தது. சரியாக இருந்தால் வந்திருக்கக் கூடாது. எனக்கு அன்றைக்கு வந்த களைப்பு அதற்கு முன்னால் தெரியாத களைப்பு; செய்ததெல்லாம் வீண் என்று தோன்றும்போது வருகிற களைப்பு.

நாங்கள் போய்ச் சேர்வதற்குள் அப்பாவை உள்ளே கொண்டுபோயிருந்தார்கள். டாக்டரம்மா வெளியே வந்ததும் முதலில் கேட்டது மாத்திரையைப் பற்றித்தான்.

"நிறுத்தினாரா?"

"ஒரு நாள் கூட இல்லீங்க," என்றாள் அம்மா. "அவரு அட்டையப் பார்த்துத்தானுங்க போடுவாரு." பையை அப்படியே மேஜையில் கவிழ்த்தாள்.

டாக்டரம்மா கறிவேப்பிலையை ஓரமாக ஒதுக்கினார். உறையை எடுத்தார், படித்தார், பிரித்தார். மஞ்சள் மாத்திரைப் பட்டை, ஒன்றுகூடக் கிழிக்காமல் முழுசாக இருந்தது. அட்டையை எடுத்துத் தன் கையெழுத்தைப் பார்த்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஸ்டென்டுக்குள்ள ரத்தம் கட்ட ஆரம்பிச்சிருக்குதுங்க. எடுத்தாச்சு. இதுவும் அட்டாக்தான். சீக்கிரமா வந்ததால சின்னதாப் போச்சு."

சின்னது என்று அவர் சொன்னதும் அம்மா மேஜையில் கிடந்த கறிவேப்பிலையைப் பொறுக்கிப் பையில் போட ஆரம்பித்தாள்.

அடுத்த நாள் அப்பாவின் கட்டில் பக்கத்தில் டாக்டரம்மா அந்த உறையை வைத்தார். அப்பா அதைப் பார்த்ததும், "அப்ரூவல் ஆயிருச்சுங்களா?" என்றார். அவருக்கு இன்னும் விஷயம் தெரியாது.

"இத ஏங்க நிறுத்தி வெச்சீங்க?"

"ஷேடு மாறியிருந்துச்சுங்க. நீங்க கையெழுத்துப் போட்டது செவப்புக்குங்க. கடைக்காரரு ஒண்ணுதான்னு சொன்னாரு. சப்ளையர் சொல்றத நம்பி எப்படிங்க ஏத்தறது? உங்களுக்குக் காட்டிப்போட்டுப் போடலாமுன்னு ஹோல்டு பண்ணிப்போட்டேன்."

"அதுனாலதான் மறுபடி வந்துச்சுங்க."

அப்பா உறையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் மாறவில்லை. போர்வை நுனியை மட்டும் இரண்டு விரலால் தேய்த்தார், துணியின் கனம் பார்க்கிற மாதிரி.

"சந்தேகப்பட்டது தப்பில்லீங்க," என்றார் டாக்டரம்மா. "கம்பெனில ஒரு லாட்ட நிறுத்தினா பையருக்கு எப்பச் சொல்லுவீங்க?"

"அன்னிக்கேங்க. அந்த மணிக்கேங்க. லைன் நிக்குதுல்லங்க."

"எனக்கு ஏன் சொல்லல? நம்பர் சீட்டுலயே இருக்குதே."

அப்பா போர்வையை விட்டுவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"எத்தன பேரு உசுரப் பாக்கறீங்க. ஒரு மாத்திரை நெறத்துக்குப் போய் உங்களத் தொந்தரவு பண்றதுங்களா?"

டாக்டரம்மா எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார். திரும்பி வந்து தன் பேனாவால் அட்டையிலிருந்த கையெழுத்தைக் குறுக்கே அடித்தார். "நெறத்தப் பாக்காதீங்க. பட்டைல பெருசா இருக்கறது கம்பெனி வெச்ச பேரு, அது மாறும். அதுக்குக் கீழ பொடி எழுத்துல மருந்து பேரு இருக்கும், அளவும் இருக்கும். அத மட்டும் பாருங்க. சந்தேகம் வந்தா அன்னிக்கே போன் பண்ணுங்க. எடுக்கலன்னா மறுபடி பண்ணுங்க. நான் திட்டினாலும் பண்ணுங்க."

"சரிங்க," என்றார் அப்பா. எனக்குத் தெரியும், அதில் அவருக்குப் பொடி எழுத்துப் பிரச்சினை இல்லை. போன்தான் பிரச்சினை. பஸ்ஸில் காலை மிதித்தவரிடம் இவர் மன்னிப்புக் கேட்பார். சாப்பாட்டில் உப்பே இல்லையென்றாலும் கேட்டு வாங்க மாட்டார். இந்த ஊரின் மரியாதையெல்லாம் ஒரே ஆளுக்குள் சேர்ந்து இருந்தால் அது இதயத்துக்கு நல்லதில்லை என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

வீட்டுக்கு வந்தோம். மறுபடியும் சொந்தக்காரர்கள், மறுபடியும் ஆப்பிள். "எப்படிங்க ஆச்சு?" என்று கேட்டவர்களிடம் அம்மா, "மாத்திரை மாறிப்போச்சுங்க" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாள். கட்டிங் மாஸ்டர் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறார். சட்டைப்பையில் இருக்கும் சிகரெட் பெட்டியை வாசல் மாடத்தில் வைத்துவிட்டுத்தான் உள்ளே வருவார். இரண்டு பேரும் சாமளாபுரம் குளத்தங்கரை வரை வண்டியில் போய், அங்கே மெதுவாக நடந்துவிட்டு வருவார்கள். என்ன பேசினீர்கள் என்று கேட்டால், "ஒண்ணுமில்ல, நடந்தோம்" என்பார் அப்பா. நான் கடிகாரத்தைக் கட்டச் சொல்வதில்லை. அது சார்ஜ் இல்லாமல் எங்கேயோ கிடக்கிறது.

என் உற்சாகம் முழுசாகப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். போன வாரம்கூட ஓட்ஸில் அடை சுட்டேன். மூன்று பேரும் மரியாதையாகச் சாப்பிட்டு முடித்தோம். ஆனால் முன்பு போல் அட்டவணை போட்டால் ஜெயித்துவிடலாம் என்று நம்ப முடியவில்லை. இதில் ஜெயிப்பு என்று ஒன்று கிடையாது. இன்றைக்கு வரவில்லை, அவ்வளவுதான். நாளைக்குக் காலையில் அதே மாத்திரையை அதே தண்ணீரோடு மறுபடி முதலிலிருந்து போட வேண்டும். இது எப்போது முடியும் என்று அம்மா ஒருமுறை கேட்டாள். முடியக் கூடாது என்பதற்காகத்தானே இவ்வளவும்.

இந்த மாதம் மாத்திரை வாங்க அப்பாவோடு நானும் போனேன். கடையில் நல்ல கூட்டம். கடைக்காரர் பட்டைகளை எடுத்து வைத்தார். அந்த மாத்திரை மறுபடி மாறியிருந்தது, இப்போது வெள்ளை. நான் எட்டிப் பொடி எழுத்தைப் படித்தேன். அப்பா சட்டைப்பையிலிருந்து துணியில் நூல் எண்ணுகிற சின்னப் பூதக்கண்ணாடியை எடுத்து, பட்டையின் பின்பக்கத்தில் வைத்துக் குனிந்தார். ஒவ்வோர் எழுத்தாக, உதடு அசைய வாசித்தார். பின்னால் நின்றவர், "ஏனுங்க, கொஞ்சம் வெருசாப் பாருங்க" என்றார்.

நான் ஏற்கெனவே பார்த்துவிட்டேன். அதே மருந்து, அதே அளவு. "சரியா இருக்குதுங்கப்பா, போலாம்," என்றேன். எனக்குக் கால் வலித்தது. அன்றைக்கு முழுக்க மெயில், திட்டு, மன்னிப்பு. எனக்கு வீட்டுக்குப் போனால் போதும் என்றிருந்தது.

"எனக்கும் அப்படித்தான் தெரியுது, அம்மிணி," என்றார். "ஆனாலும் ஒரு வார்த்தை."

போனை எடுத்து டாக்டரம்மாவின் நம்பரை அழைத்தார். மணி அடித்து ஓய்ந்தது. அவர் முகம் சுருங்கியது, யாரையோ வீட்டுக்குள் போய்த் தொந்தரவு செய்துவிட்ட மாதிரி. போனை உள்ளே வைத்துவிடுவார் என்றே நினைத்தேன். மறுபடி அழைத்தார். யாரோ எடுத்தார்கள்.

"வணக்கமுங்க. தொந்தரவுக்கு மன்னிக்கோணுமுங்க… இல்லீங்க, அவசரம் இல்லீங்க. ஆனா இப்பவே தெரியோணுமுங்க."

வரவேற்பில் இருந்த பெண் காத்திருக்கச் சொல்லியிருக்க வேண்டும். அப்பா போனைக் காதில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். பின்னால் வரிசை முணுமுணுத்தது. கடைக்காரர், "அண்ணாச்சி, கொஞ்சம் ஓரமா நின்னு பேசுதியளா?" என்றார். அப்பா அவரைப் பார்த்துச் சங்கடமாகச் சிரித்தார், எல்லோரையும் பார்த்து ஒருமுறை தலையைத் தாழ்த்திக்கொண்டார். ஆனால் கவுன்டரை விட்டு நகரவில்லை.

நான் அவர் பக்கத்தில் கண்ணாடிப் பெட்டியில் சாய்ந்துகொண்டு, அவரோடு சேர்ந்து காத்திருந்தேன்.